ஓடாமலே எண்ணெய் குடித்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய ஆயில் புதன்கிழமை காலையில் பாதிகூட இல்லை.

ஆய்வாளர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோட்டார் சைக்கிளின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். பழைய துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் வண்டி சுகம். இப்போது அது கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் ஒற்றைத் துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். தரையில் சொட்டு இல்லை. புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் கறுத்தது, பிசுபிசுப்பு இல்லை.

"குடிச்சதெல்லாம் குடிச்சிட்டுக் கமுக்கமா நிக்குது பாரு," என்றார்.

"காலங்கார்த்தால யாரைத் திட்றீங்க?" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"வண்டியை."

"நின்னாலும் திட்டு, ஓடினாலும் திட்டு. எந்திரிச்சு வாங்க. அந்தக் கையோட அடுப்படிக்குள்ள வராதீங்க, சொல்லிட்டேன். உங்க சட்டம்தான்."

அவருடைய சட்டம்தான். அவர் உணவுச் சுகாதார ஆய்வாளர். கடைகளுக்கு எழுதிய சட்டம் வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிற அபூர்வ அதிகாரி. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், போகிற போக்கில் குளிர்பதனப் பெட்டியின் தலையில் விரலை ஓட்டினார். விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தூசி இல்லை. பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து மோந்து பார்த்தார். வாடை இல்லை. ஜாம் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தார். இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"பாஸா, ஃபெயிலா?" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஸ்பூனைக் கவுத்து வெக்கக்கூடாது, நிமித்தி வெக்கணும்."

"போன வாரம் நிமித்தி வெச்சா தப்புன்னீங்க."

"போன வாரம் ஈரமா இருந்துச்சு."

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமினார். அவருக்கும் மகன் போட்ட சட்டங்கள் இருந்தன. கட்டிலில் பிஸ்கட் சாப்பிடக் கூடாது. வெண்ணெய்ப் பாட்டிலில் நேராக ஸ்பூனை விடக் கூடாது. ஸ்பூனை நக்கினால் நக்கினதுதான், அது நேராகக் கழுவும் தொட்டிக்குப் போக வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான ஆட்களை மேய்த்தவர், இப்போது மகனுடைய பார்வையில் பிஸ்கட்டைத் தட்டுக்கு மேல் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பறதுன்னா கிளம்புடா. உன் வண்டி போடற சத்தத்துல என் காது என்னைக்கோ போச்சு," என்றார் அப்பா.

"தெருவுல தலை காட்ட முடியல மாமா," என்று மருமகளும் சேர்ந்துகொண்டாள். "அந்த முனையில திரும்பறப்ப ஒரு கடக், பால் கடை கிட்ட ஒரு கடக், நம்ம வாசல்ல ஒரு கடக். வண்டியா அது?"

கியர் ஒவ்வொன்றும் இரும்புப் பெட்டியைச் சுத்தியலால் அடித்தது போலத்தான் விழுந்தது. ஆயில் குறையக் குறைய அடி பலமாகியது. ஒரு குவளை ஆயில் ஊற்றி, வண்டியை உதைத்து, முதல் கியரைப் போட்டார்.

கடக்.

எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த புறா பறந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் அவருக்காக வேறொரு கடக் காத்திருந்தது.

மேலதிகாரி ஒரு பெண். அதிகம் பேச மாட்டார். அவருடைய மேசை மேல் ஆய்வாளரின் நோட்டீஸ் புத்தகம் கிடந்தது. நூறு தாள். முதல் தாள் கூடக் கிழிக்கப்படாமல், அச்சகத்திலிருந்து வந்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நீங்க இந்த வட்டாரத்துக்கு வந்து எத்தனை மாசம்?"

"பதினொண்ணு மேடம்."

"எத்தனை கடை?"

"நாப்பத்திரெண்டு மேடம்."

"எத்தனை குறை கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்லை மேடம்," என்றார் ஆய்வாளர் பெருமையாக. பெருமைப்பட்டது தவறு என்பது மேலதிகாரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"பக்கத்து வட்டாரத்துல மாசம் பத்து நோட்டீஸ் போகுது. எலி, கரப்பான், போன வருஷத்து கிரீம். உங்க வட்டாரம் மட்டும் என்ன சொர்க்கமா? இல்ல நீங்க தூங்கறீங்களா?"

"மேடம், நான் திடீர்னுதான் போறேன். எந்த நாள், எந்தக் கடைன்னு எனக்கே முன்கூட்டித் தெரியாது. தினம் ராத்திரி நாப்பத்திரெண்டு சீட்டு புதுசா எழுதி டப்பாவுல போட்டு வெப்பேன். காலையில குலுக்கி எடுப்பேன். எடுத்த சீட்டை வாயில போட்டு மென்னுடுவேன்."

"மென்னுடுவீங்களா?"

"ரகசியம் கசியக் கூடாதுல்ல மேடம்."

மேலதிகாரி நோட்டீஸ் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. உண்மையான குறை ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கொண்டு வந்தா இங்கேயே இருக்கலாம். இல்லைன்னா அடுத்த மாசத்துலேர்ந்து கோப்புக் கிடங்கு. பொய்யா எழுதிட்டு வந்தீங்கன்னா நானே நேர்ல போய்ப் பார்ப்பேன்."

கோப்புக் கிடங்கு என்றால் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. அங்கே ஆய்வு செய்ய ஒன்றும் கிடையாது. பழைய காகிதத்தைப் புதிய கயிற்றால் கட்டுவதுதான் வேலை. அடுப்படிகளை முகர்ந்து பார்ப்பதற்கென்றே பிறந்த ஒரு மனிதரைக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்தால் அவர் என்ன ஆவார்?

அன்று மென்ற சீட்டில் இருந்தது பேக்கரி. கடைத்தெருவின் கோடியில் திரும்பி, நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கினார். கடக். மூன்றிலிருந்து இரண்டு. கடக். கடை வாசலில் இரண்டிலிருந்து ஒன்று. கடக். பூனை போல இறங்கி, கதவைச் சட்டென்று தள்ளினார்.

"அட, சார்! என்ன சார், திடீர்னு!" என்று பேக்கரிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, மேலே வெள்ளை அங்கி, மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது. மாவு பிசையும் மேசை பளபளவென்று இருந்தது. முகம் பார்க்கலாம். ஆய்வாளர் பார்த்தார். கவலையான முகம் ஒன்று தெரிந்தது. பணியாளர் பத்து விரலையும் கேட்காமலே நீட்டிக் காட்டினார். நகம் வெட்டியிருந்தது. தரை ஈரமாக இருந்தது.

ஆய்வாளர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்தார். சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

"ஏதாவது... ஒரு சின்னக் குறை?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"உங்க காலத்துல அப்படியெல்லாம் நடக்குமா சார்?"

படிவத்தில் வழக்கம்போல எழுதினார்: 'தரை அடிக்கடி கழுவப்படுகிறது.' நாற்பத்திரண்டு கடைகளுக்கும் அவர் இதே வரியைத்தான் எழுதியிருந்தார்.

திரும்பி வரும்போது வண்டி இன்னும் மோசமாக அலறியது. இரண்டு தொல்லைகளை ஒரே நேரத்தில் சுமக்க முடியாது, கையில் இருப்பதையாவது தீர்ப்போம் என்று மறுநாள் மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் ஒற்றை ஆள். ஒரு தகரக் கொட்டகை, சுவரில் வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள், நடுவில் எப்போதும் கழற்றிப் போட்ட ஏதோ ஒரு என்ஜின். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஆயில் தண்ணியா இருக்கு சார். அதான் இஞ்சின் குடிச்சிடுது. கெட்டியானதா ஊத்துவோம்."

கெட்டியான ஆயில் ஊற்றியதும் கியர் இடம் மாற மறுத்தது. மிதித்தால் போகவில்லை. ஏறி நின்று மிதித்தால் போயிற்று. ஆனால் கடக் என்று அல்ல, மடேர் என்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கெட்டி ஆயிலும் கீழ்க் கோட்டுக்குக் கீழே.

"அப்ப கிளட்ச்தான்," என்றார் மெக்கானிக். கிளட்ச் பிளேட்டை மாற்றி, சங்கிலியையும் இறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மடேருக்கு முன்னால் கிரீச் என்று ஒரு முகவுரை சேர்ந்தது. முன்பெல்லாம் கடைத்தெருவின் கோடியில் கேட்ட சத்தம் இப்போது அதற்கும் இரண்டு தெரு முன்னாலேயே கேட்டது. அன்று போன சிற்றுண்டிக் கடையில் தரை மட்டுமல்ல, சுவரும் ஈரமாக இருந்தது.

வீட்டில் புலம்பல் கூடியது.

"இதுக்கு நீங்க ஒரு மேளக்காரரைக் கூட்டிட்டு வரலாம்," என்றாள் மனைவி.

"தாளமாவது ஒழுங்கா இருக்கும்," என்றார் அப்பா.

ஆய்வாளருக்குப் பொறுமை போய்விட்டது. "சரி. வித்துத் தொலைச்சிடறேன். சத்தமே போடாத பேட்டரி ஸ்கூட்டர் வந்திருக்கு. அதுக்கு ஆயிலும் கிடையாது, கியரும் கிடையாது. பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது."

கூடத்தில் செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. அடுப்படியில் தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது.

"என்னடா பேசறே?" என்றார் அப்பா. "பழகின வண்டியை விக்கறதாவது!"

"ராசியான வண்டிங்க," என்று மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அது வந்த அப்புறம்தானே உங்களுக்கு இந்த வேலையே கிடைச்சுது? பேட்டரியை எவன் நம்புவான்? நடு ரோட்டுல நின்னா?"

"மழையில ஷாக் அடிக்கும்," என்றார் அப்பா.

"ஆமாங்க, மாமா சொல்றது சரி."

மாமனாரும் மருமகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் ஆய்வாளர் அன்றுவரை பார்த்ததில்லை. மின்விசிறி எத்தனையில் ஓட வேண்டும் என்பதில் தொடங்கி, செய்தியா தொடரா என்பது வரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள். வாய் திட்டினாலும் மனசுக்குள் என் வண்டி மேல் இவ்வளவு பாசமா என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

"சரி, விக்கல," என்றார்.

"நல்ல மெக்கானிக்கா பாருங்க," என்றாள் மனைவி. "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல."

திங்கட்கிழமை ஒண்ணும் தெரியாத அந்த ஆள் கடைசித் தீர்ப்பைச் சொன்னார். "இஞ்சினைப் பிரிக்கணும் சார். பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுலயே கொண்டு வந்து விட்டுடறேன். அதுவரைக்கும் என் வண்டியை எடுத்துக்குங்க."

"ஓடுமா?"

"ஓட்டத்துக்குக் குறையில்ல. சைலன்சர்ல மட்டும் ஓட்டை. கொஞ்சம் பேசும்."

பேசவில்லை, கூட்டம் போட்டு முழங்கியது. அந்த ஐந்து நாளும் ஆய்வாளர் போன தெருவெல்லாம் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன. நாய்கள் தெரு எல்லைவரை துரத்தி வந்து, தங்களால் முடியாது என்று திரும்பிப் போயின. ஒன்பது கடைகளுக்குப் போனார். எட்டு ஆஸ்பத்திரி போல இருந்தன. ஒன்பதாவது கடையில் சுவரில் அடித்த பெயிண்ட் காயவில்லை. சாய்ந்து நின்றதில் சட்டையின் முதுகு வெள்ளையானதுதான் மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வண்டியைக் கொண்டு வந்து வாசலுக்குள் நிறுத்தினார். ஆய்வாளர் குச்சியை உருவிப் பார்த்தார். மேல் கோட்டில் கச்சிதமாக நின்றது ஆயில். நின்ற இடத்திலேயே கிளட்ச்சைப் பிடித்து ஒவ்வொரு கியராகப் போட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

"மாமா, இங்க வந்து கேளுங்களேன்," என்றாள் மனைவி. "சத்தமே இல்லை."

"ஆமா. ஒண்ணுமே கேக்கல," என்றார் அப்பா.

இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆய்வாளருக்கு ஆனந்தம். ஓடின தூரம் காட்டும் எண்ணை ஒரு சீட்டில் குறித்து வைத்தார். இனி ஒவ்வொரு மைலுக்கும் கணக்குக் கேட்பேன் என்று வண்டியிடமே சொன்னார். ஞாயிறு முழுக்க வண்டி அசையவில்லை. மத்தியானம் ஆய்வாளர் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை மாதத்தின் கடைசி நாள். குளித்து, உடுத்தி, சீட்டைக் குலுக்கி எடுத்தார். மறுபடி பேக்கரி. மென்று விழுங்கினார். வண்டியை உதைத்து முதல் கியரைத் தொட்டார்.

கடக்.

இறங்கிக் குச்சியை உருவினார். நுனியில் ஒரு துளிகூட இல்லை. தூரம் காட்டும் எண்ணைப் பார்த்தார். சீட்டை எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

"ஓடவே இல்லை!" என்று கத்தினார். "நின்ன இடத்துல நின்னுக்கிட்டே குடிச்சிருக்கு!"

"வெயிலுக்கு ஆவியாயிருக்கும்டா," என்றார் அப்பா செய்தித்தாளைத் திருப்பியபடி.

"ரிங்கு மாத்தினவனைப் போய்க் கேளுங்க," என்றாள் மனைவி. "நான் அன்னைக்கே சொன்னேன்."

வழி நெடுக இரும்பை உடைத்துக்கொண்டு அவர் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வெகு நேரம் கால் மட்டும் தெரிந்தது.

"சார், குனிஞ்சு பாருங்க. இது அடி போல்ட். பழைய ஆயிலை இறக்கறப்ப இதைத்தான் கழட்டுவோம். சனிக்கிழமை இதை முடுக்கிட்டு, போல்ட்டுலேருந்து இஞ்சின் வரைக்கும் மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டேன். கோடு இப்ப நேரா இருக்கா?"

இல்லை. பாதிக் கோடு போல்ட்டோடு திரும்பி வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வண்டி ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிக்கல சார். யாரோ இறக்கறாங்க. அதுவும் ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கமில்லாத கை. போல்ட்டு முனையெல்லாம் மழுங்கிப் போயிருக்கு."

"ஏன்யா ஒருத்தன் என் ஆயிலை இறக்கணும்?"

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஆயில் குறைஞ்சா கியர் கத்தும். நீங்க வர்றது நாலு தெருவுக்குக் கேக்கும். அப்படிக் கேட்டா யாருக்கு நல்லது? அதை நீங்க சொல்லுங்க, ஆளை நான் சொல்றேன்."

நாற்பத்திரண்டு ஈரத் தரைகள் ஆய்வாளரின் கண் முன்னால் வரிசையாகப் பளபளத்தன.

"வண்டி இங்கேயே இருக்கட்டும்," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"புது போல்ட் போட்டு, ஆயில் ஊத்தி, சாயங்காலம் வீட்டுல விட்டுடறேன் சார்."

ஆய்வாளர் நடந்தார். கடைத்தெருவின் கோடி வந்ததும் சுவரை ஒட்டி நடந்தார். பேக்கரிக்குப் பத்தடி இருக்கும்போது மூச்சையும் குறைத்துக்கொண்டார். பதினோரு மாதத் திடீர் ஆய்வுகளில் முதல் முறையாக அவர் திடீரென்று போய் நின்றார்.

மாவு மூட்டை மேல் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மாவு பிசையும் மேசை மேல் பணியாளர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் பனியனோடு நின்று, கேக் தட்டின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். தட்டில் கேக் இருந்தது.

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான காட்சியை அவர் தன் உத்தியோகத்தில் பார்த்ததே இல்லை.

"சார்!" பேக்கரிக்காரர் கையிலிருந்து சீப்பு விழுந்தது. அதுவும் கேக் மேலேயே விழுந்தது. "சத்தமே கேக்கலையே சார்!"

"எந்தச் சத்தம்?"

"வண்டிச்... சத்தம்." அதற்குள் பூனை ஓடிவிட்டது. மூட்டையில் அது படுத்திருந்த குழி மட்டும் இருந்தது.

"அப்ப சத்தம் கேட்டுத்தான் கழுவறீங்க?"

"பின்ன என்ன சார்? மூணு கடக்குக்கு மூணு வேலை. முதல் கடக்குக்குப் பூனையை விரட்டுவோம். ரெண்டாவதுக்கு மேசை. மூணாவதுக்குத் தொப்பி. கடைத்தெரு முழுக்க அப்படித்தான்."

"அதுக்காக என் வண்டி ஆயிலை இறக்கியிருக்கீங்க!"

பேக்கரிக்காரர் திகைத்துப்போனார். "ஆயிலா? சார், சத்தியமா உங்க வண்டியை நாங்க தொட்டதே இல்லை. உங்க வீடு எங்க இருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் வேணும்னே அப்படி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்."

"நானா?"

"குரல் குடுத்துட்டு வர்ற அதிகாரி எங்க சார் கிடைப்பாங்க? அடுத்தவன் பிழைப்புல மண்ணைப் போட மனசு வராத மனுஷன்னு ஊரே பேசுது. நடுவுல இன்னும் கொஞ்சம் சத்தமான வண்டியில வந்தீங்களே, அப்ப வியாபாரிகள் கூட்டத்துல உங்களுக்குக் கை தட்டினோம் சார்."

அந்த ஒரு கணம் ஆய்வாளர் ஆடிப்போனார். ஊரில் தனக்கு இவ்வளவு நல்ல பெயர் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்த அதே நிமிடத்தில் அது கையை விட்டுப் போனது. ஆனாலும் கை தானாகப் பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தது. பூனை, நகம், சீப்பு என்று மூன்று வரி எழுதி, முதல் தாளைக் கிழித்தார். பதினோரு மாதம் காத்திருந்த தாள், விசுக்கென்று வந்தது.

மேலதிகாரி நகலை இரண்டு முறை படித்தார். "ஒரே கடையிலயா?"

"ஒரே நேரத்துல மேடம்."

"எப்படிப் பிடிச்சீங்க?"

"நடந்து போனேன் மேடம்."

மேலதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "கிடங்கு இல்லை. இனிமேலும் நடந்தே போங்க. இன்னைக்கு நேரத்தோட வீட்டுக்குப் போய் இந்த நல்ல சேதியைச் சொல்லுங்க."

ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் நாலு மணிக்கே கிளம்பினார். வேலை தங்கிவிட்டது. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி கூடவே நடந்து வந்தது. பேக்கரிக்காரர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. அப்படியானால் யார்? பழச்சாறுக் கடையா? சிற்றுண்டிக் கடையா? யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் சுவரேறிக் குதித்து வாசலுக்குள் வந்திருக்கிறான். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் மனைவியும் வயதான அப்பாவும் இருக்கும்போது, கையில் ஸ்பேனரோடு! அவர் நடையை எட்டிப் போட்டார். இருவரையும் எச்சரித்து வைக்க வேண்டும். பாவம், ஒன்றும் தெரியாதவர்கள்.

வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். செருப்பை வெளியே விட்டார். கூடத்துக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

அப்பா இரண்டு காலையும் சாப்பாட்டு மேசை மேல் தூக்கிப் போட்டுச் சாய்ந்திருந்தார். மடியில் பிஸ்கட் டப்பா, கையில் வெண்ணெய்ப் பாட்டில். ஸ்பூனை விட்டார், எடுத்தார், நக்கினார், மறுபடி பாட்டிலுக்குள்ளேயே விட்டார். அடுப்படியில் மனைவி சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, போனில் யாரிடமோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தரை துடைக்கும் துணி தட்டுகளின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அப்படி ஒரு மகிழ்ச்சியை ஆய்வாளர் வெகு காலமாகப் பார்த்ததில்லை.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தரை ஈரமாக இல்லை.

அப்பா திரும்பிப் பார்க்காமல், ஸ்பூனை ஒரு முறை நிதானமாக நக்கிவிட்டு, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்:

"ஏம்மா, அவன் வண்டி வந்ததும் இன்னைக்கு ஆயில் இறக்கறது உன் முறையா, என் முறையா?"